கையெழுத்து வாங்கப் போனவன்

1

போன வாரம் செவ்வாய்க்கிழமை தபால் பெட்டியில் கவுண்டி அலுவலகத்துக் கடிதம் ஒன்று கிடந்தது. கவுண்டி என்பதை நம்ம ஊர் வழக்கில் ஒரு சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் கிடையாது. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு போர்டுதான் ரோடு, குடிதண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பார்க்கிறது. 'நீங்கள் இதுவரை மூன்றாம் வட்டத்து வாக்காளர். இனி ஐந்தாம் வட்டம்' என்று கடிதம் சொன்னது. வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது. நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

அமெரிக்காவின் இந்தத் தெற்குப் பக்கத்து மாநிலத்துக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்தவனுக்கு இங்கே வாஷ்பேசினும் கழிவறைக் கோப்பையும் செய்கிற தொழிற்சாலையில் சூளைப் பிரிவு கிடைத்தது. வேளாவேளைக்குச் சூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்கிற உத்தியோகம். குடியுரிமையும் வாங்கி, மூன்று முறை ஓட்டும் போட்டாயிற்று. அரசாங்கக் கடிதம் என்றால் மட்டும் இன்னும் நானாகப் படித்துப் புரிந்துகொள்ளத் துணிவதில்லை. ஆகவே கடிதத்தை என் மகள் நிலாவிடம் நீட்டினேன். பதினேழு வயது. இந்த மாதிரி விஷயமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நிலா படித்துவிட்டுச் சொன்னதன் சாரம் இது. மாநிலச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருக்கிற கட்சி எங்கள் கவுண்டி போர்டை எத்தனை தேர்தலாகியும் பிடிக்க முடியவில்லை. ஓட்டு வாங்கி ஜெயிப்பதை விட்டுவிட்டு, சட்டம் போட்டு வட்டங்களை மாற்றி வரைந்துவிட்டார்கள். எங்கள் வட்டத்து உறுப்பினர் லொரேட்டா அம்மாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புதுக் கோடு அவருடைய வீட்டுக் கொல்லை வேலியை ஒட்டிப் போகிறது. வீடு ஒரு வட்டத்தில், அவருக்கு ஓட்டுப் போடுகிற நாங்கள் எல்லாம் இன்னொரு வட்டத்தில். எந்த வட்டத்தில் வீடு இருக்கிறதோ அங்கேதான் போட்டியிட முடியும் என்பது இங்கே விதி. இத்தனை மைல் நிலத்தில் கோடு வளைவதற்கு அந்த வேலிதானா கிடைத்தது என்று கேட்டாள்.

"அப்பா, ஃபைனல் பண்றதுக்கு முன்னாடி தர்ஸ்டே ஹியரிங் இருக்கு. நீங்க வரணும். பேசணும்."

"பாக்கலாம்."

"நீங்க பாக்கலாம்னு சொன்னா நோன்னு அர்த்தம். எனக்குத் தெரியும்."

சிரித்து மழுப்பினேன். முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோது இவளுக்குத் தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. அழுதுகொண்டே ஏறியவளைத் தன் சீட்டுக்குப் பின்னாலேயே உட்காரவைத்துக் கூட்டிப்போனது இந்த லொரேட்டா அம்மாள்தான். அதை நான் மறந்துவிடவில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு கோடு.

2

எங்கள் ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள், அது போதும். அங்கே ஊராட்சித் தலைவர் என் அக்கா தனம். எங்கள் வீட்டில் எவரும் இதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. மாமா காலமான பிறகு அக்காவாகவே முடிவு பண்ணி நின்றாள். எதிரே நின்றவர் நம்ம பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினரின் கையாள். அக்கா ஜெயித்த அன்றைக்கு போனில் பேசவே முடியவில்லை, அவ்வளவு மேளச் சத்தம்.

சட்டமன்ற உறுப்பினர் அதை மனதில் வைத்திருந்தார். அக்காவை அடுத்த தேர்தலில் தோற்கடிப்பது கஷ்டம். தெருவிளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது, வேறென்ன சொல்லி ஓட்டுக் கேட்பது? நாற்காலியில் இருக்கிற ஆளை அசைக்க முடியாவிட்டால் நாற்காலியையே எடுத்துவிடலாமே. ஊராட்சியைக் கலைத்துப் பக்கத்து டவுனோடு சேர்ப்பதாக ஒரு அறிவிப்பு வந்தது. எந்த டவுன் என்று கேட்காதீர்கள். ஊரை முழுசாகவும் சேர்க்கவில்லை. கிழக்குத் தெருவும் காலனியும் டவுனின் ஒரு வார்டோடு, மேற்குத் தெரு வேறொரு வார்டோடு, ஏரிக்கரைப் பக்கம் மூன்றாவதோடு. மூன்றிலும் அவருடைய கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம். எங்கள் ஊர் ஓட்டு மூன்று சொம்புத் தண்ணீராகப் பிரிந்து மூன்று குளத்தில் போய்ச் சேரும்.

அக்காவுக்குப் பதவி போவது இருக்கட்டும். டவுன் ஆகிவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது. பீங்கான் கம்பெனியில் ஆர்டர் இல்லாத மாதங்களில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அடுப்பெரிவது அந்த வேலையால்தான். அக்கா பயந்தது அதற்கு.

அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. 'கிராம சபை ஒப்புதலின்பேரில்.' அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படி ஒரு தீர்மானத்தை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. அலைந்து திரிந்து நகல் வாங்கிப் பார்த்தால், குடியரசு தினக் கூட்டத்தின் தீர்மானம். கீழே நூற்றுச் சொச்சம் கையெழுத்தும் கைநாட்டும்.

அந்தக் கையெழுத்துகளை எல்லாம் வாங்கியது நான்.

3

இந்த ஜனவரியில் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தேன். குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கிராம சபை. போய் உட்கார்ந்தேன். வந்திருந்தது முப்பது பேர்கூட இருக்காது. குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறதல்லவா, ஊராட்சிச் செயலர், கிளார்க்கு என்று ஊரில் சொல்கிறோமே அவர்தான், நோட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, பொம்பளைங்கல்லாம் கம்பெனிக்குப் போயிட்டாங்க. லீவு நாளுன்னு பேரு, ஆர்டர் இருக்குதாம். உங்ககிட்ட வண்டி இருக்குது. ஒரு ரவுண்டு போயிக் கையெழுத்து வாங்கியாந்துடுங்களேன்."

நம்ம ஊர்ப்பக்கம் இது எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. கூட்டம் ஒரு இடத்தில் நடக்கும், கையெழுத்து வேறு இடத்தில் நடக்கும். மேல் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்திலிருந்து கையெழுத்து வாங்க வேண்டும். தீர்மானத்தைக் கிளார்க்கு பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார். குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்வது, கொசு மருந்து அடிப்பது என்று வழக்கமாக எழுதுகிற சமாச்சாரம். யாரும் இதைத் தப்பாகவே நினைத்ததில்லை, அந்தக் காலிப் பக்கத்தில் ஊராட்சியைக் கலைக்கிற தீர்மானம் ஏறும் வரைக்கும். அக்கா அந்த நேரம் மேசைக்குப் பின்னால் வரவு செலவு வாசித்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டோடு கிளம்பியதை அவள் பார்த்தாளா என்பது எனக்குத் தெரியாது.

எனக்கு அன்றைக்கு ஒரே பெருமிதம், ஒளிப்பானேன். வெளிநாட்டிலிருந்து வந்தவன் ஊர்க்காரியம் பார்க்கிறானாம். திருவிழாவுக்குப் போகிறவன் மாதிரி வண்டியை முறுக்கிக்கொண்டு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போனேன். அஞ்சலை அக்கா அச்சில் பீங்கான் மாவுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் தெருக்காரர், என் அக்காவோடு சின்ன வயதிலிருந்தே ஒன்றாகத் திரிந்த சேத்தாளி. முழங்கை வரைக்கும் வெள்ளை மாவு.

"இன்னா தம்பி, நோட்டும் கையுமா வந்துருக்க? கலெக்டரு வேல குடுத்துட்டாங்களா?"

"கிராம சபைக்கி வந்த கணக்குக்குக்கா. ஒரு கையெழுத்து."

"மேல ஒண்ணையும் காணமே?"

"கிளார்க்கு அப்புறமா எழுதிக்குவாரு."

"நீ சொன்னா சரிதான். யேய், எல்லாரும் வந்து போடுங்கடி, தனத்தோட தம்பி வந்துருக்குது."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாக வந்து போட்டார்கள். ஒருத்தர்கூட வேறு கேள்வி கேட்கவில்லை. கிளார்க்கு கொண்டுபோயிருந்தால் நாலு பேராவது கேட்டிருப்பார்கள். என்னைக் கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. சூளைக்கு முன்னால் நிற்கும்போது அந்த மாவு படிந்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்து, சூட்டைத் தப்பாகக் குறித்து, மேலதிகாரியிடம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

4

அக்கா போன் பண்ணியது, கவுண்டி கடிதம் வருவதற்கு ஐந்து நாள் முன்னால். இங்கே காலை, அங்கே சாயங்காலம்.

"ஆட்சேபண மனு குடுக்க அடுத்த வெள்ளிக்கெழம சாயந்தரம் வரைக்கும் டைம் குடுத்துருக்காங்கடா. வக்கீலப் பாத்தேன். கையெழுத்து வாங்கும்போது மேல ஒண்ணுமே எழுதலன்னு, வாங்குன ஆளு சத்தியப் பத்திரம் குடுத்தா தீர்மானம் நிக்காதுங்கறாரு. கிளார்க்கு வாயே தொறக்க மாட்டேங்கறான். நீ ஒரு தாளு எழுதி அனுப்புனா போதும்."

"அனுப்பறங்கா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

உடனே எழுதவும் எழுதினேன். நாலு பக்கம். தமிழ் இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் யோசனை வந்தது. இந்திய வம்சாவளி அட்டை வைத்திருக்கிற வெளிநாட்டுக் குடிமகன் நான். ஊரில் எனக்கு ஓட்டுக் கிடையாது. ஓட்டில்லாத அந்நியன் கிராம சபை நோட்டைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போனான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா? அட்டையைப் பிடுங்கிக்கொண்டால்? அடுத்த முறை சென்னை விமான நிலையத்தில் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தால்?

என் மனைவி மல்லிகாவுக்கு மங்கலம்பேட்டை. வளைகுடாவுக்குப் போன ஆண்கள் ஒரு சின்னக் காகிதத்தில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் தவித்ததை எல்லாம் பார்த்து வளர்ந்தவள்.

"உங்க அக்காவுக்கு ஒதவ வேணாங்கல. ஆனா பேரு, பாஸ்போர்ட்டு நம்பரு எல்லாம் போட்டுக் குடுக்கணுமே. செத்த விசாரிச்சுட்டுச் செய்யுங்க" என்றாள்.

யாரை விசாரிப்பது? விசாரிக்கிறேன் என்பது ஒரு வசதியான சொல். திங்கட்கிழமை ஷிப்டு மாறியது. செவ்வாய்க்கிழமை கவுண்டி கடிதம் வந்தது. புதன்கிழமை பாங்கில் கையெழுத்துக்குச் சாட்சி போடுகிற அம்மாள் லீவு. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் தானாக நடந்து வந்தது, நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டேன். தூக்கம் கெட்டது, சாப்பாடு இறங்கவில்லை. காரில் உட்கார்ந்து கிளம்பாமலேயே திரும்ப வீட்டுக்குள் வந்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

5

வியாழக்கிழமை மாலை நிலா என்னைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனாள். கவுண்டிக் கட்டடத்தின் பெரிய கூடம். மேடையில் மாநிலச் சட்டமன்றத்திலிருந்து வந்த மூன்று பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். வாசலில் ஒரு தாள் வைத்திருந்தார்கள், பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுத வேண்டும். நிலா எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

லொரேட்டா அம்மாள் எழுந்து, கோபமே இல்லாமல், எந்தெந்தத் தெருவுக்கு எத்தனை வருடமாக பஸ் ஓட்டினேன் என்று வரிசையாகச் சொன்னார். அந்தத் தெருக்கள் எல்லாம் ஒரே பஸ்ஸில் போனவை, இப்போது எதற்காகப் பிரிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு உட்கார்ந்துவிட்டார். நிலா பேசினாள். என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டு வந்தவள் திடீரென்று, "இந்தியாவில் என் அப்பாவின் அக்கா ஒரு கிராமத்துத் தலைவர், அவருடைய ஊரையும் இப்படித்தான் வெட்டுகிறார்கள்" என்றாள். அத்தையோடு போனில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் தமிழ் வரவில்லை என்று ஓடுகிறவள் அவள். இதையெல்லாம் எப்போது காதில் வாங்கினாள் என்று தெரியவில்லை. 

மேடையில் நடுவில் இருந்தவர் தாளைப் பார்த்தார். எங்கள் குடியிருப்பின் பெயரைச் சொல்லி, "அங்கிருந்து இந்தச் சிறு பெண்ணைத் தவிர வேறு யாரும் இல்லையா? பெரியவர்கள் யாரும்?" என்று கேட்டார். எங்கள் தெருவிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் எழவில்லை. "அப்படியென்றால் மற்றவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது நிலா காரின் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அத்தைக்காவது அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு."

"அவங்களுக்கு ஏற்கெனவே நாளைக்குப்பா" என்றாள்.

பத்தொன்பது வருடமாக இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் மணி பார்த்து போன் பேசுகிறவன் நான். அங்கே விடிந்து வெள்ளிக்கிழமை நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

6

பாங்கு திறக்கிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். சாட்சி போடுகிற அம்மாள் முன்னால் கையை உயர்த்திச் சத்தியம் செய்து, நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, காரில் உட்கார்ந்தே படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அங்கே அலுவலகம் மூடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடனே போன் வந்தது.

"எதுக்குடா இப்ப போயி இதெல்லாம்? நான் மத்தியானமே குடுத்துட்டேன்."

"என் பத்திரம் இல்லாம எப்படிக்கா?"

"எம்பேர்ல குடுத்துட்டேன். நோட்டு எடுத்துக்கினு போனது, கையெழுத்து வாங்குனது எல்லாம் நான்தான்னு. மேல காலியா இருந்துதுன்னும் எழுதிட்டேன். தலைவரு நானு, எங்கைக்குத்தான நோட்டு வரணும்."

தலையில் கைவைத்துக்கொண்டேன். தலைவரே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டால் தீர்மானம் செல்லாமல் போகலாம். கூடவே அவளையும் முறைகேடு என்று சொல்லித் தூக்குவார்கள், இனிமேல் நிற்கவே விடமாட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஊராட்சியைக் கலைத்துச் செய்ய நினைத்ததை அவளே எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அக்கா, நான் அனுப்புனத குடு. உள்ளது அதுதான்."

"இப்ப நீ உள்ளத சொன்னா நான் பொய்க்காரி ஆயிடுவேன். மனுவும் போயிடும். சும்மா இரு. நீ அனுப்பலன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுது, உனக்கு அங்க இன்னா கஷ்டமோன்னு. கொழந்தைய வச்சிக்கினு இருக்க." குரலில் வருத்தம்கூட இல்லை. அதற்கு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மாத முதல் வாரத்தில் விசாரணை. கையெழுத்துப் போட்டவர்களையும் கூப்பிட்டுக் கேட்பார்களாம். லீவு கேட்டிருக்கிறேன், டிக்கெட்டும் பார்த்து வைத்திருக்கிறேன். நேரில் போய் நின்று என்ன சொல்லப் போகிறேன் என்பதுதான் தெரியவில்லை. சொன்னால் அக்கா பொய்க்காரி, சொல்லாவிட்டால் அக்கா குற்றவாளி. வீட்டுக்குள் நடந்து நடந்து மல்லிகாவுக்கே தலை சுற்றுகிறது என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொறுக்க முடியாமல் அஞ்சலை அக்காவுக்கு போன் போட்டேன். அங்கே சாயங்கால நேரம், அவர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை எப்படி இருக்கிறது, குளிரா வெயிலா என்று கேட்டு முடித்தார். நான் விஷயத்துக்கு வந்தேன்.

"விசாரணையில கேட்டாங்கன்னா உள்ளத சொல்லிடுங்கக்கா. அன்னிக்கி நோட்டு எடுத்தாந்தது நான்தான்னு சொல்லுங்க. மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"நீயா?" என்றார். "நீ எங்க தம்பி வந்த? உங்கக்கா வூடு வூடா வந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போயிட்டா. நாங்க யாரும் உன்னப் பாக்கல. அன்னிக்கி நீ ஊர்லியே இல்ல."